வில்சன் நோயா, வேறொன்றா? அரிய கல்லீரல் நோய்களில் செயற்கை நுண்ணறிவை எந்த அளவுக்கு நம்பலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சாரம் இது. அவருடைய தம்பி மகனுக்கு வயது 13. கல்லீரல் பாதிப்பில் இரத்தத்தில் உயரும் ஏ.எல்.டி. என்ற நொதியின் அளவு ஓராண்டாக இறங்காமல் உயர்ந்தே நிற்கிறது. ஹெப்படைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் லிட்டருக்கு 0.08 கிராம், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம் 4.1 மைக்ரோமோல், உடலின் சொந்த அணுக்களையே எதிர்க்கும் பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. சோதனை பாசிட்டிவ், ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதம் சற்று அதிகம். தாமிரத்தை வெளியேற்ற உதவும் ஏ.டி.பி.7பி மரபணுவில் இரண்டு மாற்றங்கள் இருப்பதாகவும், அவற்றில் ஒன்று நோயை உண்டாக்குவது, மற்றது முக்கியத்துவம் தெளிவில்லாதது என்றும் மரபணு அறிக்கை சொல்கிறது. மருத்துவர் இதை, தாமிரம் உடலில் தேங்கும் பரம்பரை நோயான வில்சன் நோய் என்கிறார். குடும்பத்தில் ஒருவர் எல்லா அறிக்கைகளையும் ஒரு சாட்பாட்டில் ஏற்றிக் கேட்டபோது, உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பதில் வந்திருக்கிறது. யாரை நம்புவது, இத்தகைய அரிய நோய்களில் செயற்கை நுண்ணறிவு எதற்குத்தான் உதவும், பையனின் அறிக்கைகளை இப்படி ஏற்றியது சரியா என்பவை அவருடைய கேள்விகள்.

கொடுத்திருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால் மருத்துவர் சொல்வதில்தான் வலு இருக்கிறது. மருந்தைத் தொடங்குவதையும் அளவை முடிவு செய்வதையும் பையனை நேரில் பார்க்கும் மருத்துவரே செய்ய வேண்டும். ஆய்வுக்கூட அறிக்கைகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், அந்த முடிவு எப்படி எட்டப்படுகிறது என்பதையும், இயந்திரம் எந்த இடத்தில் சறுக்கியிருக்கக்கூடும் என்பதையும் மட்டும் விளக்குகிறேன்.

வில்சன் நோயைத் தீர்மானிக்க உலகெங்கும் பயன்படும் மதிப்பெண் முறை 2001இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கூடிய மாநாட்டில் உருவானது. செருலோபிளாஸ்மின் 0.1 கிராமுக்குக் கீழே இருந்தால் அதற்கு 2 மதிப்பெண்; திடீர்க் கல்லீரல் அழற்சி இல்லாத நிலையில், சிறுநீர்த் தாமிரம் மேல்வரம்பைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டினால் இன்னொரு 2. பெரியவர்களுக்கே 1.6 மைக்ரோமோலைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல், பையனுக்கோ 4.1 இருக்கிறது. மொத்தம் 4 வந்துவிட்டால் நோய் உறுதி என்று கொள்ளலாம். ஆக, மரபணு அறிக்கையை மடித்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டாலும் பையனுக்கு 4 சேர்ந்துவிடுகிறது. உறுதியான மரபணு மாற்றம் ஒன்றுக்குக் கிடைக்கும் 1 மதிப்பெண் அதற்கு மேல்தான். கண் விழியோரத்தில் தெரியும் கைசர்-ஃபிளைஷர் வளையம் இருந்தால் மேலும் 2 கூடும். ஆனால் கல்லீரலில் மட்டும் நோய் தெரியும் பிள்ளைகளில் பலருக்கு அந்த வளையம் இருப்பதில்லை என்பதால், அது இல்லையென்று கண் மருத்துவர் சொல்வதை வைத்து நோய் இல்லையென்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

சாட்பாட் ஏன் வேறு பக்கம் சாய்ந்தது? ஏ.என்.ஏ. பாசிட்டிவ், ஐ.ஜி.ஜி. அதிகம், வைரஸ் இல்லை என்ற மூன்றும் மருத்துவ எழுத்துகளில் ஒன்றாக வரும்போது, அவற்றை அடுத்துப் பெரும்பாலும் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி என்ற பெயர்தான் வரும். அந்நோய்க்கென 2008இல் வகுக்கப்பட்ட எளிய மதிப்பெண் முறையும் ஏ.என்.ஏ. போன்ற தன்னெதிர்ப்பொருள்கள், ஐ.ஜி.ஜி., திசுச் சோதனை, வைரஸ் இல்லாமை ஆகிய நான்கைத்தான் எண்ணுகிறது. தாமிரம் அதில் இல்லை. எழுதப்பட்டவற்றிலிருந்து அடுத்து வரக்கூடியதைக் கணிக்கும் மொழி மாதிரி, அதிகம் எழுதப்பட்ட நோயின் பக்கம் சாய்வதில் வியப்பில்லை. ஆனால் வில்சன் நோயுள்ள பிள்ளைகளுக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் ஆகலாம், ஐ.ஜி.ஜி. உயரலாம் என்பதைக் கல்லீரல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அதனால்தான் தன்னெதிர்ப்பு அழற்சி எனத் தோன்றும் எந்தப் பிள்ளைக்கும் வில்சன் நோய்க்கான சோதனையைச் செய்துவிட வேண்டும் என்று ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவச் சங்க வழிகாட்டி வலியுறுத்துகிறது. இங்கே தவறு நேர்ந்தால் விளைவு சிறியதல்ல. ஸ்டெராய்டு கொடுத்து ஏ.எல்.டி. சற்று இறங்கியதைக் கண்டு எல்லோரும் நிம்மதியடைந்திருக்கும் மாதங்களில், தாமிரம் கல்லீரலிலும் மூளையிலும் சேர்ந்துகொண்டே போகும். பெனிசிலமினோ டிரையன்டினோ துத்தநாகமோ உரிய காலத்தில் தொடங்கப்பட்டு வாழ்நாள் முழுதும் தொடர்ந்தால், அந்தப் பையன் மற்றவர்களைப் போலவே வளர்ந்து வேலைக்குப் போக முடியும். அரிய கல்லீரல் நோய்களில் மாத்திரையாலேயே கட்டுக்குள் வைக்கக்கூடியவை சில. வில்சன் நோய் அவற்றில் ஒன்று.

தெளிவில்லாதது என்று வந்த இரண்டாவது மரபணு மாற்றத்தில்தான் செயற்கை நுண்ணறிவுக்கு மெய்யான வேலை இருக்கிறது. 2023 செப்டம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்ஃபாமிஸ்சென்ஸ் என்ற மாதிரி, மனிதப் புரதங்களில் ஓர் அமினோ அமிலத்துக்குப் பதிலாக இன்னொன்று வரக்கூடிய ஏறத்தாழ 7.1 கோடி மாற்றங்களை மதிப்பிட்டு, அவற்றில் 32 சதவீதம் தீங்கு செய்யக்கூடியவை, 57 சதவீதம் தீங்கற்றவை, மற்றவை முடிவு சொல்ல முடியாதவை எனப் பிரித்தது. பையனின் அறிக்கையில் உள்ள மாற்றம் அந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தால் ஆய்வுக்கூடம் இந்தக் கணிப்பையும் பார்த்திருக்கும்; சங்கிலியை நடுவில் அறுத்துவிடும் மாற்றமாகவோ, எழுத்துகள் விடுபட்ட மாற்றமாகவோ இருந்தால் இந்தக் கருவி அதைப் பற்றி எதுவும் சொல்லாது. அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2015இல் வகுத்த விதிகளில் கணினிக் கணிப்புக்குத் துணைச் சான்று என்ற இடம்தான் தரப்பட்டது. பின்வந்த திருத்தங்கள் அதன் எடையைச் சற்றுக் கூட்டியிருந்தாலும், அதைத் தனியே தீர்ப்பாகக் கொள்வதில்லை.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. தாய் தந்தை இருவரின் இரத்தத்தையும் சோதித்து, ஒரு மாற்றம் தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்ததா என்று பார்ப்பதே அது. இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வந்திருந்தால், பையனின் இன்னொரு மரபணுப் பிரதி பழுதில்லாமல் இருக்கலாம், அல்லது அதிலுள்ள பழுதை இன்னும் தேட வேண்டியிருக்கலாம். ஆளுக்கு ஒன்றாக வந்திருந்தால் தெளிவில்லாதது என்ற முத்திரை பெருமளவு வலுவிழந்துவிடும். எந்த மென்பொருளாலும் பையனின் அறிக்கையை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது.

தெளிவில்லாதவை நம் குடும்பங்களின் அறிக்கைகளில் கூடுதலாக வருவதற்குக் காரணமும் இருக்கிறது. ஏ.டி.பி.7பி மரபணுவில் நோய் தரும் மாற்றங்கள் 500க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் எச்1069க்யூ என்ற மாற்றம் முதலிடத்தில் இருக்க, இந்திய நோயாளிகளிடம் அது காணப்படுவது அரிது. சி271எக்ஸ் போன்ற வேறு மாற்றங்களே அங்கு அதிகம். உலக மரபணுத் தொகுப்புகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பன் துறையை அடைந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த சுமார் 1,52,000 பேரில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள். அவர்களுடைய மரபணு மாற்றங்கள் தென்னாப்பிரிக்கத் தொகுப்பில் தேடிக் கிடைப்பதைவிட வேலூர், கொல்கத்தா ஆய்வாளர்கள் வெளியிட்ட பட்டியல்களில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். அறிக்கை எழுதிய ஆய்வுக்கூடம் இந்தியத் தரவோடு ஒப்பிட்டுப் பார்த்ததா என்று மருத்துவர் மூலம் கேட்பதில் தவறில்லை. இதே நாட்டில் வேரியகேட் போர்ஃபைரியா என்ற கல்லீரல் சார்ந்த பரம்பரை நோயை 1688இல் கேப்பில் மணமுடித்த ஒரு டச்சுத் தம்பதி வரை தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளையர் குடும்பங்களின் வம்சப் பதிவுகளில் செலவிட்ட உழைப்பு கரும்புத் தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கிடைத்ததில்லை. இன்றைய மென்பொருளும் அந்தப் பழைய வேறுபாட்டைச் சுமந்துகொண்டுதான் வருகிறது.

இது ஊகமல்ல என்பதற்கு முகத்தைப் பார்த்து மரபணுக் கோளாறை ஊகிக்கும் ஒரு செயலியின் அனுபவம் சான்று. 2017இல் வெளியான ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள பெல்ஜியக் குழந்தைகளில் 80 சதவீதத்தினரை அது கண்டுகொண்டது. காங்கோக் குழந்தைகளில் 36.8 சதவீதத்தினரை மட்டுமே. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் படங்களையும் கொடுத்துப் பயிற்றுவித்தபின் அந்த வேறுபாடு பெருமளவு மறைந்தது. குறை நம் முகத்திலும் இல்லை, கணக்கு முறையிலும் இல்லை. பயிற்சிக்குக் கொடுத்த படங்களில்தான் இருந்தது.

இனி, அரிய நோய் என்பதாலேயே வரும் கணக்குச் சிக்கல். வில்சன் நோய் சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வருகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நோயுள்ளவரைக் கண்டுபிடிப்பதிலும் இல்லாதவரை விலக்குவதிலும் 99 சதவீதம் சரியாக இருக்கும் ஒரு செயலியை 3,00,000 பேரின் பதிவுகள்மீது ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் நோயுள்ள 10 பேரையும் அது பிடித்துவிடும் என்றே கொண்டாலும், நோய் இல்லாத சுமார் 3,000 பேரையும் சேர்த்தே பிடிக்கும். அழைக்கப்படும் 300 பேரில் ஒருவருக்குத்தான் நோய் இருக்கும். 99 சதவீதம் துல்லியம் என்று விளம்பரம் வரும்போது இந்தக் கணக்கு கண்ணில் படுவதில்லை. அதே செயலியை, ஓராண்டாக ஏ.எல்.டி. உயர்ந்து, வைரஸ் இல்லை என்று உறுதியான 40 வயதுக்குட்பட்டவர்களிடம் மட்டும் ஓட்டினால் நிலைமை தலைகீழாகிவிடும். இயந்திரத்தின் கெட்டிக்காரத்தனத்தைவிட, அதை யாரிடம் பயன்படுத்துகிறோம் என்பதுதான் இங்கே கணக்கை மாற்றுகிறது.

இந்த இடத்தில் என் தனிப்பட்ட கருத்தொன்று. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், கல்லீரல் இரத்தச் சோதனையில் கோளாறு தெரிந்தால் அதே மாதிரியிலேயே வைரஸ், தன்னெதிர்ப்பொருள்கள், இரும்பு முதலிய அடுத்த சோதனைகளை ஆய்வுக்கூடம் தானாகவே செய்து காரணத்தையும் குறிப்பிடும் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கல்லீரல் நோய் கண்டறியப்படுவது 43 சதவீதம் கூடியது. அதில் பெரிய நுண்ணறிவு எதுவும் கிடையாது. இது உயர்ந்தால் அதைச் செய் என்ற விதிகள்தான். 2001இல் தொடங்கிய நம் தேசியச் சுகாதார ஆய்வுக்கூடச் சேவை நாட்டு மக்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதிக்கிறது. ஓர் இளைஞரின் ஏ.எல்.டி. மூன்று முறை உயர்ந்து வந்தும் செருலோபிளாஸ்மின் இதுவரை பார்க்கப்படவில்லை என்று ஒரு வரி அறிக்கையின் அடியில் அச்சாகுமானால், விலையுயர்ந்த பல செயலிகளைவிட அது அதிகப் பேருக்கு உதவும் என்றே நினைக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு உண்மையிலேயே சாதித்திருக்கும் இடங்களும் உண்டு. அவற்றில் முதலில் சொல்ல வேண்டியது பிலியரி அட்ரீசியா. பிறந்த குழந்தையின் பித்தக்குழாய் அடைபட்டுப் பித்தம் கல்லீரலிலேயே தேங்கும் இந்நோயில், ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் பெயரால் வழங்கும் அறுவையைக் குழந்தை பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். நம் வீடுகளில் மஞ்சள் காமாலை என்றால் குழந்தையைக் காலை வெயிலில் காட்டு, தானாக இறங்கிவிடும் என்று ஆயாமார் சொல்வது வழக்கம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது இறங்கியும் விடுகிறது. மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில் போகும் குழந்தைக்கு மட்டும் நாட்கள் வீணாகின்றன. தைவான் 2004 முதல் நாடு முழுவதும் தாய்மாருக்கு மல நிற அட்டை கொடுத்து இந்தத் தாமதத்தைக் குறைத்தது. அமெரிக்காவில் டயப்பரைக் கைபேசியில் படமெடுத்து நிறத்தை மதிப்பிடும் செயலியும் வந்தது. சீனாவின் குவாங்சோ நகர ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட மாதிரி, பித்தப்பையின் அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்து இந்நோயை அனுபவமுள்ள மருத்துவர்களைவிட நன்றாகக் கண்டுகொண்டது. திரையில் தெரியும் படத்தைக் கைபேசியில் எடுத்து அனுப்பினாலே போதும் என்ற அளவுக்கு அதை எளிமையாக்கியிருந்தார்கள். குழந்தைகளின் பித்தப்பையைப் பார்த்துப் பழகியவர் எவரும் இல்லாத சிற்றூர் மருத்துவமனையில் இப்படி ஒரு துணை இருப்பதன் அருமையை விளக்கத் தேவையில்லை. பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் பி.எஸ்.சி. என்ற நோய்க்கு, மேயோ கிளினிக் குழு 2020இல் வெளியிட்ட பிரெஸ்டோ என்ற கணிப்பு முறை பிலிரூபின், அல்புமின், சோடியம், வயது என்று எங்கும் கிடைக்கும் ஒன்பது விவரங்களைக் கொண்டு கல்லீரல் எப்போது தளரக்கூடும் என மதிப்பிடுகிறது. 509 நோயாளிகளிடம் கற்றுப் பின்பு வேறு 278 பேரிடம் சரிபார்க்கப்பட்டது. அரிய நோயில் இந்த எண்ணிக்கையே பெரியது.

இயந்திரத்துக்கு நாம் சொல்லாத விஷயம் அதற்குத் தெரியாது என்பது எளிதில் மறந்துபோகும். நம் குடும்பங்களில் மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் விடப்படுபவை சில இருக்கின்றன. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று பலரும் குடித்த கிலோய், அதாவது சீந்தில், சிலருக்குத் தன்னெதிர்ப்பு அழற்சியைப் போன்றே கல்லீரலைப் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். அந்தக் கஷாயம் பதிவேட்டில் இல்லாவிட்டால் மருத்துவரும் செயலியும் ஒரேபோலத் தவறுவார்கள். உடம்புக்கு நல்லது என்று இரவு முழுவதும் செம்புக் குடத்தில் வைத்துக் காலையில் குடிக்கும் தண்ணீர் வில்சன் நோயுள்ள பையனுக்கு ஆகாது. அது வீட்டில் வழக்கமாக இருந்தால் இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடமும் சொல்லுங்கள். பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள் உறவா என்பதும் சொல்ல வேண்டிய விவரமே. இரு பக்கமிருந்தும் ஒரே மாற்றம் வர அது இடம் தருகிறது. நாட்டளவில் பார்த்தால், எச்.ஐ.வி.க்கு ஆண்டுக்கணக்கில் இங்கே கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ் மருந்து சிலரின் கல்லீரலைப் பாதித்த விதத்தைக் கேப்டவுன் மருத்துவர்கள் 2016இல் விவரித்தார்கள். தன்னெதிர்ப்பு அழற்சியோடு குழப்பிக்கொள்ளக்கூடிய அந்தப் பாதிப்பை, ஐரோப்பியத் திசுப் படங்களை மட்டும் பார்த்துக் கற்ற மென்பொருள் அடையாளம் காணும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

சாட்பாட்டிடம் மருந்து பற்றிக் கேட்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பி.பி.சி. என்ற பித்தநாள நோய்க்கு அமெரிக்காவில் 2016இல் ஒப்புதல் பெற்ற ஒபெட்டிகோலிக் அமிலம், கல்லீரல் முற்றிலும் தளர்ந்தவர்களுக்கு ஆபத்து என 2021இல் எச்சரிக்கை பெற்று, 2025 செப்டம்பரில் அந்நாட்டுச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டது. இடையில் 2024இல் எலாஃபிப்ரனார், செலாடெல்பார் என்ற இரண்டு புதிய மருந்துகள் அங்கே வந்துவிட்டன. ஆனால் அந்தப் பழைய மருந்தைப் புகழ்ந்து எழுதிய ஏழெட்டு ஆண்டுக் கட்டுரைகள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. அவற்றைப் படித்துக் கற்ற மாதிரி எந்த ஆண்டில் நின்று பேசுகிறது என்பது பதிலைப் பார்த்தால் தெரியாது.

அறிக்கைகளை ஏற்றியது பற்றி. 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கும் போபியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிச் சிறப்புடைய தகவலாக வைத்திருக்கிறது. மருத்துவமனையோ மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனமோ அதை வெளிநாட்டுக்கு அனுப்ப நிபந்தனைகள் உண்டு, முழுவதும் இயந்திரத்தாலேயே எடுக்கப்பட்டு ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவுக்கும் கட்டுப்பாடு உண்டு. குடும்பத்தார் தாமாகவே ஏற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பில் பாதி கைநழுவிப் போகிறது. இனி ஏற்றுவதானால் பெயர், மருத்துவமனை எண், அடையாள எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். நம் 13 இலக்க அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதியைக் காட்டிக்கொடுக்கும். மரபணு அறிக்கையை மட்டும் ஏற்றவே வேண்டாம் என்பேன். அது பையனுடையது மட்டுமல்ல, அவனுடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பின்னாளில் அவனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகள் எல்லோருடையதும் ஆகும். சாட்பாட்டைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், என்ன நோய் என்று கேட்காமல், இந்த முடிவை உறுதிப்படுத்த அல்லது மறுக்க இன்னும் என்ன சோதனை பாக்கி என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் உருப்படியாக இருக்கும், அவற்றை மருத்துவரிடம் சரிபார்த்துக்கொள்வதும் எளிது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பெற்றோரின் மரபணுச் சோதனை, கண் மருத்துவரிடம் அந்த விழியோர வளையத்தைத் தேடும் ஸ்லிட் லாம்ப் பரிசோதனை, குழந்தைகளுக்கான கல்லீரல் நிபுணர் ஒருவரின் கருத்து ஆகிய மூன்றையும் கேளுங்கள். மாற்றுக் கல்லீரல் அறுவை ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும்தான் நடக்கிறது என்றாலும், இந்த நிலையில் அந்தப் பேச்சுக்கே தேவையில்லை. பையனுக்கு ஆறு வயதில் ஒரு தங்கை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கும் இதே நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஓடியாடி விளையாடுகிறாள், ஒரு குறையும் இல்லை என்பதை வைத்து அதை விலக்க முடியாது. செருலோபிளாஸ்மினும் ஏ.எல்.டி.யும் அவளுக்கு இந்த மாதமே பார்க்கப்பட வேண்டும். அண்ணனிடம் கண்ட இரண்டு மாற்றங்களும் அவளிடம் இருக்கின்றனவா என்பதையும் பெற்றோரின் சோதனையோடு சேர்த்தே கேட்டுவிடலாம்.